குழிப்பலகை

நட்சுயோ தன் ஆள்காட்டி விரலைப் பலகையின் குழிக்குள் விட்டாள். முட்டியில் இருந்த வீக்கம் விளிம்பில் தட்டி, விரல் பாதியிலேயே நின்றது. வெளியே எடுத்து, கையைத் திருப்பி, பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்தாள். உள்ளே லென்ஸைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன நெம்புகள் அவளுடைய நகத்துக்கு அந்தப் பக்கமாகவே இருந்தன. கடைக்காரர் ஹிரானோ பார்க்காததுபோல் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் பார்க்காததுபோல் சன்னலுக்குக் கீழே போகும் ரயிலைப் பார்த்தேன். மனைவியின் விரல்களைப் பார்க்காமல் இருக்கும் வித்தையை இந்தக் குளிர்காலத்தில்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

டோக்கியோவில் ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில் இருந்தது ஹிரானோவின் கடை. மடக்கு மரக்கேமராக்களுக்கென்றே உள்ள கடை. துருத்தியை இழுத்து விரித்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு எடுக்கும் பெரிய கேமராக்கள். அவற்றில் ஒவ்வொரு லென்ஸும் தனக்கென்று ஒரு சதுரப் பலகையில் உட்கார்ந்திருக்கும். லென்ஸை மாற்றுவதென்றால் பலகையோடு கழற்றி, பலகையோடு மாட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் ஓட்டை போட்ட தகடு. நட்சுயோ அதை வாங்குகிற அழகைப் பார்க்க நான் எங்கள் மலையூரிலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் ரயிலேறுவேன். சந்தையில் முள்ளங்கி பொறுக்குவதைப்போல் எடுத்துக் கையில் கனம் பார்ப்பாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் தேடுவாள். கறுப்புச் சாயத்தை மோந்துகூடப் பார்ப்பாள். எதற்கு மோக்கிறாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அன்று பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்று பலகைகள் இருந்தன. ஒன்று தட்டை. ஒன்றில் லேசான குழி. மூன்றாவது ஆழக் குழி, சின்னக் கிண்ணத்தைப் பதித்ததுபோல. எங்கள் மேலத்தெருத் தேரைப் புதுப்பித்து, அரக்குப் பூசி, தங்க இலை ஒட்டி முடித்திருந்தார்கள். வசந்தத் திருவிழாவின் காலையில், தேர் புறப்படும் முன், இழுப்பவர்கள் அத்தனை பேரையும் தேரோடு சேர்த்து நட்சுயோ படமெடுக்க வேண்டும். தெரு குறுகல். பின்னால் தள்ளிப்போக இடமில்லை. அகல லென்ஸ்தான் வேண்டும். ஆனால் அகல லென்ஸைத் தட்டைப் பலகையில் மாட்டினால் கேமராவின் துருத்தி நசுங்கிப்போய், முன்பக்கத்தை மேலே உயர்த்த இடம்கொடுக்காது. உயர்த்தாவிட்டால் தேரின் உச்சியில் இருக்கும் பொன்பறவை படத்துக்கு வெளியே போய்விடும்.

"கேமராவையே அண்ணாந்து பாக்க வச்சா?" என்று நான் கேட்டேன்.

"தேரு மல்லாக்க விழற மாதிரி தெரியும். இழுக்குறவங்கள்லாம் ஓடிப் போயிருவாங்க," என்றாள் நட்சுயோ.

ஆழக் குழியில் லென்ஸ் உள்ளே தள்ளி உட்கார்ந்தால் துருத்தி தளர்ந்து மூச்சுவிடும். நாங்கள் கொண்டுவந்திருந்த கேமராவில் அதை மாட்டியதும் முன்பக்கம் வெண்ணெயில் வழுக்கியதுபோல் மேலே ஏறியது. பறவையின் கொண்டை மட்டும் விளிம்பில் முட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். ஆனால் ஷட்டரை இழுத்துவைக்கும் நெம்பு குழிக்குள் ஆழத்தில் இருந்தது. வாத நோய் கண்ட விரல் அங்கே போகவில்லை.

"நெம்புல ஒரு குச்சி வச்சுக் கட்டிக்கலாம் நட்சுயோசான். நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க," என்று ஹிரானோ ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை எடுத்து வந்தார். அவள் அதைப் பிடித்து முயன்றாள். கம்பி நழுவி லென்ஸின் விளிம்பில் கீச்சென்று உரசியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டோம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் தட்டைப் பலகையை எடுத்து ஹிரானோவின் பக்கம் நகர்த்தினாள். "இதையே கட்டுங்க. பறவ இல்லாட்டி என்ன, மனுசங்கதான முக்கியம்." பிறகு, வானிலை கேட்பதுபோலக் கேட்டாள். "திருவிழா முடிஞ்சதும் இந்தக் கேமராவ நீங்களே எடுத்துக்கிறீங்களா ஹிரானோசான்?"

ஹிரானோ கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி விரித்தார்.

முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் இரண்டு கடைகளுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவளுடைய ஸ்டூடியோ, இந்தப் பக்கம் என் சலூன். நான் முக்காலியைச் சுமந்திருக்கிறேன், குடை பிடித்திருக்கிறேன், பனியில் கால் புதைய நின்று அவள் தலைக்கு மேல் துணியை இழுத்துவிட்டிருக்கிறேன். கேமராவை மட்டும் தொட்டதில்லை. கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள், ஒரு படத்துக்கு ஒரு கைதான் என்று. எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. என் கத்தரிக்கோலை அவள் தொட்டால் நானும் கத்துவேன். ஆனால் பறவை இல்லாமல் தேரை எடுக்கச் சம்மதிக்கிற நட்சுயோவை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பெண் என் மனைவி இல்லை.

கையை நீட்டி, ஆழக் குழிக்குள் இரண்டு விரல்களை விட்டு, நெம்பை இழுத்தேன். கிளிக் என்றது.

"யாரக் கேட்டுத் தொட்டீங்க?" அவள் குரலில் ஹிரானோ ஒரு அடி பின்னால் போனார்.

"யாரையும் கேக்கல."

"உடைஞ்சிருந்தா?"

"ஊர்ல இருக்கிற எல்லாக் காதுக்குப் பக்கத்துலயும் கத்தி வச்சவன் நான். ஒரு காது குறைஞ்சிருக்கா, சொல்லு."

ஹிரானோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சலூன் ஐயா சொல்றது நியாயந்தான். உங்க தெருத் தலைவர் ஷிமுராசானுக்குக்கூட ரெண்டு காதும் இருக்குல்ல, போன வருசம் பாத்தேனே."

நட்சுயோ சிரிக்கவில்லை. கேமராவையோ என் முகத்தையோ பார்க்காமல், என் விரல்களை வெகுநேரம் பார்த்தாள். பலகையில் கசிவு தேடும் அதே ஒற்றைக் கண்.

"இன்னொரு தடவ இழுங்க," என்றாள். இழுத்தேன். காதை லென்ஸருகே கொண்டுபோய்க் கேட்டாள். "முரட்டுத்தனமா இழுக்கிறீங்க. தாடி மழிக்கிற மாதிரி இழுக்கணும்." மறுபடி இழுத்தேன். கடைசியில், "படம் புடிக்கிற ஷட்டர் கம்பிய அழுத்துறது நான்தான். அதுல கை வச்சா அங்கயே விவாகரத்து," என்று சொல்லிவிட்டு ஆழக் குழிப் பலகையைப் பைக்குள் வைத்தாள். தட்டையானது மேசையிலேயே கிடந்தது. கேமராவை விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் பேசவில்லை என்பதால் அந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை என்று எனக்குத் தெரியும்.

அதன்பின் தினமும் சலூனை மூடியதும் முடிவெட்டும் நாற்காலியில் கேமராவை வைத்து என்னைப் பழக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நெம்புகளைத் தேட வேண்டும். மேலே இருப்பவை ஷட்டரை இழுப்பதும் லென்ஸைத் திறந்துவைப்பதும், அவற்றின் இடப்பக்கம் ஒளித்துளையைச் சுருக்குவது. தப்பாகத் தொட்டால் சீப்பால் மணிக்கட்டில் அடி. நல்ல வலி. நாற்பது வயது குறைந்ததுபோல் இருந்தது.

திருவிழாக் காலையில் குளிர் விடவில்லை. தேர் தெருவை அடைத்து நின்றது. நீல மேலங்கி போட்ட ஆண்களும் பெண்களும் அதன் முன் வரிசையாக. எல்லாம் இரண்டு வாரமாக என் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த தலைகள். சாக்கே குடித்துச் சிவந்திருந்த மேலத்தெருத் தலைவர் ஷிமுரா, கைப்பேசியை ஆட்டியபடி வந்தார். "நட்சுயோசான், ஒரு நிமிசத்துல இதுலயே எடுத்துரலாமே. குளிருதில்ல?"

"உங்க தல இதுல அடங்காது," என்றாள் அவள்.

காலையில் அவள் விரல்கள் அதிகம் விறைத்திருக்கும். பலகையை என்னிடம் கொடுத்து மாட்டச் சொன்னாள். மாட்டிப் பூட்டினேன். அவள் துணிக்குள் போனாள். முன்னால் போய் மண்டியிட்டு, அவள் பார்ப்பதற்காக லென்ஸைத் திறக்கக் குழிக்குள் விரலை விட்டேன். மேலே நெம்பு இல்லை. விரல் சுற்றிவந்து அடியில் அதைக் கண்டுபிடித்தது. அதைத் தள்ளித் திறந்தேன்.

துணிக்குள் அவள் தலை ஒருமுறை நிமிர்ந்தது. பிறகு, "ஏங்க. பலகைய எப்படி மாட்டினீங்க?"

"நீ குடுத்த மாதிரிதான்."

"தலகீழா மாட்டியிருக்கீங்க."

அந்தக் கேமராவின் பலகைகளில் துளை நட்டநடுவில் இருக்காது. கொஞ்சம் கீழே தள்ளியிருக்கும். அதனால் பலகைக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் உண்டு. எந்தப் பக்கம் மாட்டினாலும் பூட்டு விழுந்துவிடும் என்பதுதான் கேடு. பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. முப்பது வருடம் பக்கத்தில் நின்ற நான் இன்று செய்திருக்கிறேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"கழட்டி மாட்டிர்றேன். ஒரு நிமிசம்." பூட்டுக்குக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க."

நான் தொடவில்லை. துணி லேசாக அசைந்தது, அவள் தலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவது தெரிந்தது. துளை கீழே இருக்க வேண்டியது மேலே போயிருந்தது. லென்ஸ் அரை விரல் அளவு கூடுதலாக உயர்ந்திருந்தது.

"பறவையோட கொண்ட முழுசா தெரியுது," என்றாள் உள்ளிருந்து. குரல் மெதுவாக வந்தது. "அதுக்கு மேல வானம்கூட இருக்கு."

"என்னாச்சு இசாமுசான், ரிப்பேரா?" என்று ஷிமுரா என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ரிப்பேர் இல்ல," என்று துணிதான் பதில் சொன்னது. "சலூன்காரரு வேல. அப்படித்தான் இருக்கும்."

தெரு முழுக்கச் சிரித்தது. இரண்டு வாரமாக நான் வெட்டிய தலைகள் அத்தனையும் ஒன்றாக ஆடின. யாரோ மேளத்தை ஒரு தட்டுத் தட்டினார்கள். எனக்குக் காது சூடாகியது, ஆனால் குழிக்குள் விரல் அசையாமல் இருந்தது.

"ஒளித்துளைய மெதுவா சுருக்குங்க. நான் சொல்ற வரைக்கும்."

அடியில், இப்போது வலப்பக்கம் வந்துவிட்ட நெம்பைத் தள்ளினேன். துணிக்குள், கேமராவின் பின்புறம் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் அவளுக்கு உலகம் எப்போதும்போல் தலைகீழாகத் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாக இருட்டும், தேரின் சக்கரத்திலிருந்து பறவை வரை எல்லாம் கூர்மையாகும். என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நான் பார்த்ததில்லை.

"இன்னும்."

தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம். தாடி மழிக்கிற மாதிரி... ஆங். போதும்."

விரலை எடுக்காமல் காத்திருந்தேன். அடுத்து அவள் "நகருங்க" என்று சொல்ல வேண்டும், நான் நகர்ந்ததும் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடைக்கச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகம் இருந்தது. தேர், பறவை, ஆட்கள் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு அவளுடைய கண்ணாடியில் நான் மட்டும்தான் இருந்திருப்பேன், மங்கலாக, தலைகீழாக.

ஆட்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். பறவையின் சிறகில் முதல் வெயில் பட்டு, அந்த வெளிச்சம் கறுப்புத் துணியின் மேல் விழுந்தது. துணிக்குக் கீழிருந்து அவள் கை மட்டும் வெளியே வந்தது. வளைந்த விரல்களில் ஷட்டர் கம்பி இருந்தது. கட்டைவிரல் அதன் பித்தானின் மேல் படிந்து நின்றது. அந்தக் கை என்னை இடப்பக்கம் போகவும் சொல்லவில்லை, வலப்பக்கம் போகவும் சொல்லவில்லை. அவள் என்னைத்தான் பார்க்கிறாள் என்று புரிந்து, நானும் நகராமல் அப்படியே மண்டியிட்டிருந்தேன்.