ஐந்து லட்சம் பேர் பார்த்த கை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு வரைபடத்திலிருந்து கிடைத்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து வண்டியை ஓரங்கட்டியதும், பயிற்சிப் பள்ளியை நடத்தும் கிளட்ச் அக்கா தன் போனை நீட்டினார். ("கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர்.)

"எழுதுறவங்கதானே நீங்க? இது என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

சமூக ஊடகத்தில் பள்ளியின் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. பல மாதம் படுத்துக் கிடந்த கோடு, ஒரு நாள் விருட்டென்று எழுந்து உச்சிக்குப் போயிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சமூக ஊடகம் ஒரு தொழிலுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதை அளக்க வேண்டுமானால்' — வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது. அடுத்து: 'அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, எதிரே' — இதுவும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2

அதற்கு முன்பு அந்தப் பக்கத்தில் சாலை விதிகளும் சீட் பெல்ட் அறிவுரைகளும்தான் இருந்தன. பார்த்தவர்கள் அக்காவின் கணவரும் அவருடைய அம்மாவும்.* பள்ளியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு காலை வகுப்பு. காருக்குள் மாட்டியிருந்த கேமராவில் அரை நிமிடம் பதிவாகியிருந்தது. வண்டி பழகும் ஒரு பெண்ணின் முகம், ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள், ஒரு மோதல். யாருக்கும் அடியில்லை. என் முறைக்காகப் பின் இருக்கையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணே விழுந்து விழுந்து சிரித்தார்.

"பேஜ்ல போடட்டுமா?" என்று அக்கா கேட்டார்.

"தாராளமா போடுங்கக்கா. நாலு பேர் சிரிக்கட்டும்."

அந்த நாலு பேர் ஐந்து லட்சம் பேர் ஆனார்கள். வகுப்புகள் நிரம்பின. புதிதாக இரண்டு பெண்களைப் பயிற்சியாளர்களாக வேலைக்கு வைத்தார்கள். அக்காவின் கணவர் தினமும் காலையில் கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பல் தேய்த்தார்.

*அம்மா, விரல் தெரியாமல் பட்டுப் பார்த்தவர்.

3

[இங்கே ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. படித்துப் பார்த்து நானே சிரித்தேன். எடுத்துவிட்டேன்.]

4

அந்தப் பெண்ணை வகுப்பில் லேப் மேடம் என்போம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். [இவரைக் கொஞ்சம் சிடுமூஞ்சியாக எழுதலாமா என்று யோசித்தேன். வாசகருக்கு இரக்கம் சுலபமாக வந்துவிடக் கூடாதே. ஆனால் மனுஷி நிஜமாகவே நல்லவர், நான் என்ன செய்ய?] நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் வேலை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. கார் ஓட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் வந்து சேர்ந்தார்.

வீடியோ ஓட ஆரம்பித்த பிறகு அவர் வகுப்புக்கு வருவதில்லை. போன் செய்தேன்.

"ஒரு பெரியவர் வந்தார். கையக் கட்டி, நரம்பத் தொட்டுப் பாத்து, ஊசிய எடுக்கறேன். அந்தப் பெரியவர் என் முகத்தையே பாக்கறார். 'நீங்க அந்த வீடியோல வர்றவங்கதானே?'ன்னார். ஆமான்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே கைய மெதுவா இழுத்துக்கிட்டார். 'வேற யாராவது இருக்காங்களாம்மா?'ன்னு கேட்டார்."

"ஒருத்தர்தானே?"

"முதல்ல அவர். அப்புறம் நிறைய பேர். இப்போ உள்ள உக்காந்து ரத்தக் குழாய்ல பேர் ஒட்டிட்டு இருக்கேன். வீட்டுக்குப் போற வேலையப் பத்தி யாரும் பேச்சே எடுக்கறதில்ல. ஸ்டியரிங்ல நடுங்கின கை ஊசில நடுங்காதுங்க. அத யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பார்த்தவர்கள், பகிர்ந்தவர்கள், சிரித்த முகம் போட்டவர்கள் என்று எல்லாவற்றுக்கும் அக்கா காட்டிய அந்தக் கணக்கில் ஒரு கட்டம் உண்டு. இழுத்துக்கொண்ட கைக்குக் கட்டம் இல்லை.

5

கிளட்ச் அக்காவிடம் சொன்னேன். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் "எதப் பாத்து வந்தீங்க?" என்று கேட்பது அவர் வழக்கம். அவர்கள் சொன்னதெல்லாம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: "அந்தம்மாவே கத்துக்கிட்டாங்கன்னா நாமளும் கத்துக்கலாம்னு ஒரு தைரியம்."

அக்கா கணவரிடம் போனார்.

"அவங்க இன்னும் கத்துக்கவே இல்லைங்க. பாதியில நின்னுட்டாங்க. அந்த வீடியோவ எடுத்துடலாம்."

"எடுத்துட்டு? புதுசா வந்த ரெண்டு பொண்ணுங்ககிட்டயும் நாளைக்கு வேலைக்கு வராதீங்கன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவர் கெட்டவர் இல்லை. கேட்டதும் நியாயம்தான். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நான் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன்.

6

முடிவு ஒன்று: அக்கா வீடியோவை அழித்து மன்னிப்புக் கேட்கிறார். [அழித்தால், பார்த்தவர்கள் மனசிலிருந்தும் அழியுமா?]

முடிவு இரண்டு: லேப் மேடம் அழகாக ரத்தம் எடுப்பதை இன்னொரு வீடியோவாகப் போட, அது பத்து லட்சத்தை — வேண்டாம். இது அக்காவின் கணவர் சொன்ன முடிவு. நிஜமாகவே எனக்கு எழுதி அனுப்பினார்.

நடந்தது வேறு. அக்கா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனார். கூடம் நிறைய ஆட்கள். "எனக்கு அவங்கதான் எடுக்கணும்" என்று அக்கா ஒரே பிடிவாதம். உள்ளேயிருந்து லேப் மேடம் வந்தார். எல்லோர் முன்னாலும் அக்கா கையை நீட்டினார். அவருக்கு ஊசி என்றாலே பயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீட்டிய கை கிடுகிடுவென்று ஆடியது.

"இறுக்காதீங்கக்கா. மெதுவா விடுங்க, மெதுவா" என்றார் லேப் மேடம்.

ஒரே குத்து. அக்கா கண்ணைத் திறப்பதற்குள் பஞ்சு வைத்தாகிவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

அக்கா போனில் அந்த வீடியோவைத் திறந்து லேப் மேடத்திடம் கொடுத்தார். "நீங்களே முடிவு பண்ணுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். புதுசா வர்றவங்க எல்லாம் நீங்க கத்துக்கிட்டீங்கன்னு நம்பித்தான் வர்றாங்க."

"நான் கத்துக்கிட்டேன்னா?"

"ஆமா."

லேப் மேடம் என் பக்கம் திரும்பினார். "இத எழுதப்போறீங்க, இல்ல? எழுதுங்க. வண்டி போய் மோதினத மட்டும் எழுதாதீங்க. பாத்தவங்க பாத்தது போதும்."

மூன்றாம் பகுதி காலியானதும், முதல் பகுதியில் அந்த 'எதிரே'யோடு நான் நிறுத்திக்கொண்டதும் அப்படித்தான்.

போன் திரையில் 'நீக்கவா?' என்று கேட்டது. கீழே 'ஆம்', 'இல்லை'. லேப் மேடத்தின் விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். எதைத் தொட்டார், மறுநாள் காலை வகுப்புக்கு வந்தாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், அங்கே என்னதான் இருந்திருக்கும் என்று யோசித்துவிட்டு மட்டும் எழுதாதீர்கள்.

நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். அந்த விரல் நடுங்கவில்லை.