வளையத்துக்குள் பல்

மழை பிடித்ததிலிருந்து பண்டாரவளையில் முஷ்ரிபாவின் இரும்புப் பட்டறைக்கு ஒரு கேட் வேலைகூட வரவில்லை, கண்ணுகளா. பட்டறையை மூட வேண்டியதுதான் என்று இருந்தபோதுதான் கொழும்பிலிருந்து தரகன் ஹுமைத் அந்த ஓடரைக் கொண்டுவந்தான். விரல் நுழையும் அளவில் இரண்டு வளையங்கள், இறுக்குவதற்கு ஒரு திருகாணி. வெளிநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டுமாம்.

பட்டறையில் வேலை செய்யும் அழகையா மடுல்சீமைத் தோட்டத்தில், தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையோடு வளர்ந்தவர். ஒட்டுக்கட்டிய கன்றைச் சேர்த்துப் பிடிக்கிற சாமான் இது என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். தண்டு நோகக் கூடாதென்று மாதிரியின் உள்விளிம்பை அரம் போட்டு வழவழவென்று தேய்த்தும் கொடுத்தார்.

ஹுமைத் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். “உள்ளுக்குப் பல்லு வைக்கணுமாம்.”

“பல்லு வச்சா கன்னு செத்துப் போயிருமேங்க.”

“எந்தக் கன்னு?” என்று சிரித்துவிட்டான் அவன்.

முஷ்ரிபா அதை வாங்கித் தன் இரண்டு பெருவிரல்களையும் நுழைத்தாள். “திருகுங்க அண்ணே.”

அழகையா அரைச்சுற்றுத்தான் திருகினார். அவள் நகம் வெளுத்துப் போயிற்று.

“தம்பி, இது யாரு விரலுக்கு?”

“யாரோ கைதிகளுக்காம், அது நமக்கெதுக்கு ராத்தா? முந்தி செஞ்ச நாட்டுல இத வெளிய அனுப்பத் தடை போட்டுட்டாங்க. அதான் இங்க வந்திருக்கு. இங்க யாரும் கேக்க மாட்டாங்க.”

“நான் கேக்குறேனே.”

“நீங்க இல்லாட்டி கீழ ஸரூக் பட்டறை,” என்று எழுந்து போனான் ஹுமைத். மாதிரி மேசையிலேயே கிடந்தது.

“வேற வேல இல்லீங்களே மொதலாளியம்மா,” என்றார் அழகையா மெதுவாக.

“தெரியும். நீங்க பல்லு வைப்பீங்களா?”

அவர் தன் அரத்தைப் பார்த்தார். “கை வராதுங்க.”

“அப்ப குடைய எடுங்க.”

ஸரூக்கின் பட்டறையில் ஹுமைத் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தான். முஷ்ரிபா மாதிரியோடு நேரே ஸரூக் நானாவிடம் போனாள். “இதுக்குள்ள பெருவிரல உடுங்க நானா.”

“என்ன, மோதிரம் போடப் போறீங்களா?” என்று கேலி பண்ணிக்கொண்டே நுழைத்தார் ஸரூக். அவள் திருகினாள். சிரிப்பு நின்றது.

“இதுக்குள்ள பல்லும் வைக்கணுமாம் நானா.”

ஸரூக் விரலை உருவித் தடவிக்கொண்டார். “தம்பி, தேத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

ஹுமைத்தின் வேன் அடுத்த பட்டறைப் பக்கம் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் முஷ்ரிபா, ஸரூக், அழகையா மூவரும் அதே பட்டறைக்கு மழையில் இறங்கி நடந்துவிட்டார்கள். தோட்டத்தில் எத்தனையோ துரைமாருக்குப் பின்னால் நடந்தவர் அழகையா. இப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை. குடையை முஷ்ரிபாவின் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி போனார்.