ஊர் போய்வரும் வரை படகில்

எங்கள் ஊர் வில்மாரில் ஒரு நாளுக்குப் படகு வாடகைக்கு எடுத்தால் படகு நகராது. ஊர்தான் நகரும். எடுத்தவர் படகில் உட்கார்ந்து அதை இருந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஊர் அவர் சொன்ன இடத்துக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து படகுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். மத்தியதரைக்கடல் கரையில் இன்னும் சில ஊர்களிலும் இப்படித்தான் என்று கேள்வி. பக்கத்து ஊரில் மட்டும் படகு போகிறது, ஊர் நிற்கிறது. அவர்களைச் சோம்பேறிகள் என்று நாங்கள் சொல்வது வழக்கம்.

நானும் அமலோற்பவமும் கல்யாணமான புதிதில் காரைக்காலிலிருந்து இங்கே வந்து இறங்கின காலத்தில், ஆகஸ்டு மாதம் முழுக்க இந்த ஊருக்குக் கால் தரிக்காது. பாரீசுக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். அப்பாக்காரர் பேப்பரை எடுத்துக்கொண்டு படகில் உட்கார்ந்துவிடுவார். பெண்டாட்டி பிள்ளைகள் எங்களோடு ஊரில் ஏறிக்கொண்டு கோர்சிகா போவார்கள், ஜெனோவா போவார்கள். கடல் பக்கத்துக் கொடியில் துணி காயப்போடக் கூடாது, சூப்பைப் பாதிச் சட்டிதான் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. ரொட்டிக்கடை மதாம் பஸ்கலினின் அம்மா மாவை இங்கே பிசைந்து, சர்தீனியாவில் அடுப்பில் வைத்து, வருகிற வழியில் விற்றுவிடுவாள். அந்த ரொட்டிக்கு ஒரு தனி மணம் உண்டு. ஒருமுறை சர்ச்சில் ஒரு கல்யாணம். பெண் சம்மதம் சொன்னது இங்கே, மாப்பிள்ளை யோசித்துச் சம்மதம் சொன்னது கோர்சிகாவில். அந்தக் குடும்பம் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்போது எனக்குப் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்குகிற வேலை. ஊர் ஓடுகிற நாளில் கண் எரியாது, கடல்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சன்னல் வழியாகத் தீவுகள் போவதைப் பார்த்துக்கொண்டே நறுக்குவேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் கை கத்தியைத் தேடுகிறது. நானாகப் படகு எடுத்ததே கிடையாது. நான் போகவேண்டிய இடத்துக்கு வந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அமலுவுக்கு இடுப்பும் போய்விட்டது, முழங்காலும் போய்விட்டது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. விமானம் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு பேராக நாற்காலியில் வைத்துக் கீழே தூக்கிப் போகிறோம் என்று பக்கத்து வீட்டுப் பையன்கள் கேட்டதற்கு, "நான் என்ன மாதா சப்பரமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்கு இருப்பது ஒரே அக்கா, செசிலி. காரைக்காலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் போனில் பேசுவார்கள். செசிலி அக்காவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. முகத்தைப் பார்த்துப் பேசுகிற போன் வாங்கி அனுப்பினோம். அக்கா அதையும் காதில்தான் வைத்துக்கொண்டாள். "அக்கா, முன்னாடி புடி!" என்று அமலு கத்துவாள். அக்காவுக்கு அது கேட்காது. கேட்கவில்லை என்பதால் இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொள்வாள். ரொம்ப நாளாக நாங்கள் பார்த்ததெல்லாம் ஒரு காதும் ஒரு தோடும்தான்.

"தோடு தேஞ்சுபோச்சுங்க, பாத்தீங்களா" என்றாள் அமலு ஒரு ஞாயிற்றுக்கிழமை. "மூஞ்சி என்ன ஆச்சுன்னுதான் தெரியல."

"நல்லாத்தான் இருக்கும்."

"நீங்க கண்டீங்களா? சாவறதுக்குள்ள ஒருதரம் அவ மூஞ்சிய நேர்ல பாத்துடணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

மறுநாள் நான் படகுக்காரர் ஒனோரேயிடம் போனேன். படகுத்துறையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கே போகணும், முசே அந்துவான்?"

"காரைக்கால்."

விரலை நாக்கில் தொட்டுக் காற்றில் நீட்டிப் பார்த்தார். "கோர்சிகாவுக்கு அந்தாண்டையா?"

"அந்தாண்டைதான். சூயஸ் வாய்க்காலைத் தாண்டிப் போகணும்."

"வாய்க்கால் குறுகலாச்சே" என்றவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "ஊரை ஒருக்களிச்சுக் கொண்டுபோயிடலாம். கோபுரம்தான் இடிக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் அதை மடியில வச்சுக்கச் சொல்லிப் பாதிரியார்கிட்ட சொல்றேன்."

"ஒரே நாள்ல போய்த் திரும்பிடுமா?"

"ஒரு நாளைக்குத்தானே எடுக்கறீங்க?"

"ஆமா."

"அப்ப திரும்பிடும்."

ரொட்டிக்கடை மதாம் பஸ்கலின் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவள் நின்றாள். "இத்தனை வருஷம் அடுத்தவங்க புண்ணியத்துல ஊர் சுத்தினீங்க. இப்பவாவது படகுல உக்காரத் தோணிச்சே. அங்கே வெயில் எப்படி?"

"ஜாஸ்தி."

"என் வெண்ணெய்?"

"உருகிடும்."

"சரி, அன்னிக்கு மட்டும் நெய்யாப் போட்டுச் சுட்டுக்கறேன்" என்று போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அமலு சன்னலைத் திறந்து கடலைப் பார்த்தாள். பிறகு, "அப்ப நீங்க?" என்றாள்.

"நான் படகுல உக்காரணும்ல."

"நீங்களும் நம்ம காரைக்காலைப் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

"யாராவது ஒருத்தர் உக்காந்துதானே ஆகணும்."

"அக்கா கேட்டா என்னன்னு சொல்லட்டும்?"

"கடலுக்குக் காவல்னு சொல்லு."

"அவளுக்கு எங்க கேக்கப்போவுது" என்றாள். ஆனால் அன்றைக்கே புடவையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள்.

விடிந்ததும் நான் படகில் ஏறினேன். கையில் ரொட்டியும், சுட்ட கருவாடும், ஒரு பாட்டில் தண்ணீரும். ஒனோரே கயிற்றை அவிழ்த்து என் மடியில் போட்டார். பிறகு படகுத்துறையின் விளிம்பில் நின்று, கடலைப் பார்த்து ஒரு காலால் ஓங்கி உதைத்தார். ஊர் நகர்ந்தது. கடைவீதி போயிற்று, சர்ச் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. எங்கள் மூன்றாம் மாடி என் தலைக்கு மேலாகப் போகும்போது அமலு சன்னலில் இருந்தாள். பச்சைப் புடவை. அதற்கு மேலே கம்பளிக் கோட்டு.

"கோட்டைக் கழட்டு! அங்கே வெயில்!" என்று கத்தினேன்.

"வழியில குளிருமுங்க!" என்று அவள் கத்தினாள்.

அப்புறம் அவள் குரல் சிறுத்து, நிழல் சிறுத்து, ஊர் ஒரு புள்ளியாகிக் கிழக்கே மறைந்தது.

ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் வந்து நிறைந்தது. பின்னால் மலை மட்டும் நின்றது, பல் விழுந்த ஈறு மாதிரி. ரொட்டி வாசனை கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, ஊரைத் தேடிக்கொண்டு அதுவும் போயிற்று.

பதினோரு மணிவாக்கில் மலைப்பாதையில் தபால்காரர் வந்தார். சைக்கிளை நிறுத்திக்கொண்டு பார்த்தார்.

"எங்கே?"

"காரைக்கால்."

"தூரமா?"

"தூரம்தான்."

"அப்ப சாயங்காலமா வரேன்" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் வடக்கத்திக் காற்று எழுந்தது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, ஆளை நிற்கவிடாது. நங்கூரம் போடலாம் என்றால் நங்கூரம் கரையில் கட்டியிருப்பது, அது ஊரோடு போய்விட்டது. படகு ஒரு சாண் தள்ளிப்போனாலும் திரும்பி வருகிற ஊருக்கு இடம் தெரியாது. வேறு எங்கேயாவது போய் நின்றுவிடும். அப்படி ஒருதரம் நடந்திருக்கிறது. ஒரு பல் டாக்டர் படகில் தூங்கிவிட்டார். ஊர் ஆறு மாதம் துனீசியாவில் நின்றது. எங்களுக்கெல்லாம் அது நல்ல காலம்தான், பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம். டாக்டர்தான் பாவம்.

அதனால் துடுப்பை எடுத்தேன். மலையில் இருந்த ஒற்றைப் பைன் மரமும், அதற்குக் கீழே இருந்த வெள்ளைப் பாறையும் ஒரே கோட்டில் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். காற்று தள்ளும், நான் வலிப்பேன். காற்று தள்ளும், நான் வலிப்பேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அன்றைக்கு நான் போட்ட துடுப்பெல்லாம் இருந்த இடத்தில் இருப்பதற்காக.

வலித்துக்கொண்டே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் அரசலாற்று முகத்துவாரத்தில் ஊர் நுழைந்திருக்கும். மாதா கோயில் பக்கம் நிறுத்துவார்களா, பஸ் ஸ்டாண்டு பக்கமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் இருக்குமே, மதாம் பஸ்கலின் பயந்துபோவாளோ. அமலு அக்காவைப் பார்த்திருப்பாளா? பார்த்ததும் அழுவாளா, திட்டுவாளா? முதலில் திட்டுவாள்.

பைன் மரம் மங்கலாயிற்று. விளக்கு வைக்கிற நேரம் வந்தது. ஊர் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரம் தாண்டியது. அப்போதும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அமலு அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டால்? அவளால் கீழே இறங்க முடியாது. அவள் இருந்தால் மூன்றாம் மாடி இருக்க வேண்டும். மூன்றாம் மாடி இருந்தால் இரண்டாம் மாடி இருக்க வேண்டும். அப்படியே வீதி, கடை, சர்ச், எல்லாம் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். அவளுக்கு அது நல்லதுதான் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்தபோதும் கை துடுப்பை விடவில்லை.

எனக்குப் படிப்பு கிடையாது, காது உண்டு. முதலில் காதில்தான் விழுந்தது. சர்ச் மணி. ஆனால் மணி ஓசைக்கு நடுவில் காக்காய் கரைந்தது. எங்கள் ஊரில் காக்காய் குறைவு. பிறகு விளக்குகள் தெரிந்தன. பிறகு கொசு வந்தது. பிறகு ஊர் வந்தது.

மெதுவாக வந்து, என் படகை முகர்ந்து பார்ப்பதுபோல நின்று, பழைய இடத்தில் உட்கார்ந்தது. மேயர் ஆபீசின் கூரையில் வரிசையாகக் காக்காய்கள். மதாம் பஸ்கலின் கடைவாசலில் நின்று வறுத்த மல்லாக்கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில், காலையில் வெறும் மணலாக இருந்த இடத்தில், செசிலி அக்காவின் வீடு நின்றது. முருங்கை மரமும், துவைக்கிற கல்லும், எல்லாம் சேர்த்து.

ஒனோரே இறங்கிவந்து என் கையிலிருந்த கயிற்றை வாங்கினார்.

"அங்கே ஊரைக் கட்டறதுக்கு ஒண்ணும் கிடைக்கல. அந்த வீட்டுத் தூண்லதான் கட்டினேன். கிளம்பற நேரத்துல ரெண்டு மதாமும் பேசிக்கிட்டிருந்தாங்க. நடுவுல போய் முடிச்சை அவுக்கறது மரியாதையா சொல்லுங்க?"

"மரியாதை இல்லைதான்" என்றேன்.

"அதான். இழுத்துக்கிட்டு வரதுல கொஞ்சம் தாமசமாயிடுச்சு."

அக்கா வீட்டு மொட்டைமாடியும் எங்கள் மூன்றாம் மாடிச் சன்னலும் ஒரே மட்டத்தில் இருந்தன. மொட்டைமாடியில் பாயில் காயப்போட்ட மிளகாய் அள்ளாமல் கிடந்தது. செசிலி அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அமலு சன்னலில் இருந்தாள். நடுவில் ஒரு கை தூரம்.

"பாத்துட்டேங்க!" என்று அமலு கீழே என்னைப் பார்த்துக் கத்தினாள். "நல்லாத்தான் இருக்கா! கன்னம் மட்டும் ஒட்டிப்போச்சு! நான் சொன்னா ஒண்ணும் கேக்கமாட்டேங்கறா, பாத்துக்கிட்டே இருக்கா!"

"என்னாடி சொல்ற?" என்றாள் அக்கா, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லக்கா!"

"ஆமாண்டி, இங்க குளிருதுதான்."

அமலு கம்பளிக் கோட்டைக் கழற்றிச் சன்னல் வழியாக நீட்டினாள். அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

நான் படியேறி வீட்டுக்குள் போனபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா மகன் மரியதாசு, காரைக்காலிலிருந்து.

"சித்தப்பா, வீடு அங்கதான இருக்கு?"

"இங்கதான்ப்பா இருக்கு."

"அம்மா சாப்பிட்டாங்களா?"

"இனிமேதான்."

"சரி. நாளைக்கு நான் இங்க ஒரு படகு எடுத்திருக்கேன். காரைக்கால் வந்து வீட்டை எடுத்துக்கும்."

"நீ வரலியா?"

"நான் படகுல உக்காரணும்ல, சித்தப்பா."

காலையில் மேயர் எல்லோரையும் கடற்கரைக்குக் கூப்பிட்டார். காரைக்கால் பெரிய ஊர், வந்து நிற்க இடம் போதாது என்றார். எல்லோருமாகக் காப்பி குடித்துவிட்டுப் போய், தோளைக் கொடுத்து மலையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைத்தோம். பிறகு நான் வீட்டுக்கு வந்து குளித்து, நல்ல சட்டையாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, கரையில் போய் நின்றேன்.