பருவாயில்லை

அச்சகத்தில் அவருக்கு ஒற்றர் என்று பெயர். உளவு பார்ப்பார் என்பதால் அல்ல. ஒரு வரியில் க், ச், த், ப் என்று எந்த ஒற்று விட்டுப்போயிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். மெய்ப்பு பார்ப்பது அவர் உத்தியோகம். சிவப்புப் பேனாவும் கையுமாகவே தலை நரைத்தவர். மாத்திரை அட்டையில் பிழை இருந்தால் அதைத் திருத்திவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் வந்து, திருத்தவே கூடாது என்று சொன்னார் ஓர் ஓவியர் அம்மா.

நூலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் பேருந்து நிலையத்திலும் பெட்டி வைத்து, யாரிடமும் சொல்லாத ஒன்றை அட்டையில் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம் என்று ஊரைக் கேட்டிருந்தார் அவர். நானூற்றுச் சொச்சம் அட்டைகள் சேர்ந்தன. கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, அட்டைகளை எரித்துவிட்டு வந்திருந்தார். பெரிய தாள்களில் அச்சடித்து ஒரு சுவர் முழுக்க ஒட்டப்போகிறாராம்.

"வரி விட்டுப்போச்சா, ஒருத்தர் ரகசியம் இன்னொருத்தர் ரகசியத்தோட ஒட்டிக்கிச்சா, அதை மட்டும் பாருங்க. பிழை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதுவும் அவங்க பேச்சுதானே."

ஒற்றர் தலையை ஆட்டினார். தலைதான் ஆடியது. கை யார் பேச்சைக் கேட்கும்?

வேலை போனதை மறைத்துத் தினமும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிற ஒருவர், தம்பி பாடுவது சகிக்கவில்லை என்பதை முப்பது வருடமாகச் சொல்லாத ஓர் அக்கா, எல்லோரும் அவர் கண் வழியாகப் போனார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மெய்ப்பு பார்க்கிறவன் எழுத்தைப் பார்ப்பான். சேதியைப் பார்க்க ஆரம்பித்தால் பிழை தப்பிவிடும். அங்கே ஒரு புள்ளி, இங்கே ஓர் ஒற்று என்று அவரறியாமலே பேனா மேய்ந்துகொண்டிருந்தது. தாள்களை அடுக்கிக் கொடுத்துவிட்டுக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது, பக்கம் கட்டுகிற கம்ப்யூட்டரம்மா ஒரு தாளை எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

"சார், இந்தக் கொடுமையக் கேளுங்க. 'கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரர் ஆறு மாசம் வெளியூருக்குப் பயிற்சிக்குப் போனார். லெட்டர் போட்டேன். தனியா இருக்க பயமா இருக்கு, பருவாயில்லை, நீங்க முடிச்சிட்டே வாங்கன்னு எழுதினேன். அவர் அதுல பதினாலு தப்பு கண்டுபிடிச்சு, சிவப்பு மையில வட்டம் போட்டு, அந்த லெட்டரையே திருப்பி அனுப்பினார். அதுக்கப்புறம் அவர் கண்ணுல படுற மாதிரி நான் ஒரு வரி எழுதல. ஆனா தினமும் எழுதறேன். தையல் மிஷின் பெட்டிக்குள்ள பதினோரு நோட்டு இருக்கு. அவருக்கு தெரியற அன்னைக்கு நிறுத்திடுவேன்.' பாவி மனுஷன். எப்படித்தான் மனசு வந்துதோ."

காப்பி டம்ளர் மேஜைமேல் இறங்கியது. கண்ணால் பார்த்தபோது தெரியாதது காதில் விழுந்ததும் தெரிந்துவிட்டது. பதினாலு. அந்த லெட்டரின் அடியில் 'அடுத்த முறை கவனம்' என்று எழுதியதும் அவர்தான். அதைப் பெரிய உதவி என்று நினைத்துத்தான் செய்தார். வீட்டில் கடைச் சாமான் பட்டியலைக்கூட மனைவி ஏன் வாயால் சொல்லி அனுப்புகிறாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"நீங்களும் இதுல மூணு போட்டிருக்கீங்க சார். மாத்திடவா?"

ஒற்றர் எழுந்து போய்த் தாளை வாங்கினார். இருக்க என்பதற்குப் பக்கத்தில் ஒரு 'ப்'. அவருக்கு என்பதற்குப் பக்கத்தில் ஒரு 'த்'. பருவாயில்லையில் 'ரு'வைச் சுற்றி வட்டம், ஓரத்தில் 'ர'. ஆக மொத்தம் பதினேழு.

போட்ட திருத்தம் வேண்டாம் என்றால், அதன் கீழே புள்ளி வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது அந்த அச்சகத்து வழக்கம். மூன்று இடத்திலும் எழுதினார். பிறகு முதல் தாளிலிருந்து எடுத்து, எல்லோருடைய பிழைக்கும் எழுதினார்.

"உங்க கையால 'இருக்கட்டும்' போட்டு நான் பார்த்ததே இல்லையே சார்," என்றாள் கம்ப்யூட்டரம்மா.

பேருந்தில் வரும்போது மன்னிப்பு கேட்க வார்த்தை கூட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில்தான் கடைசி வரி உறைத்தது. தெரிகிற அன்றைக்கு நிறுத்திவிடுவாளாம். காலில் விழுந்தாலும் பதினோரு நோட்டோடு முடிந்துவிடும். வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

மனைவி கூடத்தில் பள்ளிச் சீருடை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு," என்றார்.

"பருவாயில்லை. கை கழுவிட்டு வாங்க."

அவர் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊசி நின்றது.

"உடம்பு சரியில்லையா?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கேன்."

"இல்ல, ஒண்ணும் சொல்லலையே நீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொல்வதும், அடுத்த மூச்சில் அவர் திருத்துவதும் அந்த வீட்டில் கடிகாரச் சத்தம்போல ஆகிவிட்டிருந்தது. இன்றைக்கு அது நின்றுபோனதும் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, ஒரு கணம்தான், அவள் கண் உள்ளறைப் பக்கம் போய்த் திரும்பியது. தையல் மிஷின் அங்கேதான் இருந்தது.

திருத்தினாலும் குற்றம், திருத்தாவிட்டால் அதைவிடக் குற்றம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பர. பரவாயில்லை. பருவாயில்லைன்னு ஒரு வார்த்தையே கிடையாது. எத்தனை தடவைதான் சொல்றது உனக்கு?"

அவள் தோள் தளர்ந்தது.

"ஆமா, பெரிய வாத்தியாரு," என்று நூலைப் பல்லால் கடித்துவிட்டு, சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மிஷின் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. ஒற்றர் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தும் ஒரு பிழைகூட அவர் கண்ணில் படவில்லை.