மெஷினுக்குக் கொடுத்த பட்டம்

அந்தச் சலவைக்கடைப் பெரியக்காவின் வாயில் விழாதவர் யாருமில்லை. வாடகையை ஏற்றிய கட்டிட முதலாளி பாசிஸ்ட். சில்லறை கேட்ட பஸ் கண்டக்டர் பாசிஸ்ட். உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சொந்தக் கொழுந்தன், வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டதால் பாசிஸ்ட். அவனோடு பேச்சுவார்த்தையே கிடையாது. அடிக்கடி மக்கர் பண்ணும் துணி பிழிகிற மெஷின்தான் பாசிஸ்டுகளுக்கெல்லாம் தலைவன். அதற்கு ஓர் உதை கொடுத்துவிட்டுத்தான் தினமும் வேலையைத் தொடங்குவாள்.

கடை அங்கே வேலை செய்கிறவர்களுக்கே சொந்தம். கூலிக்கு இருக்கிற ஒருவரைப் புதிதாகப் பங்காளியாகச் சேர்க்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தர் முகம் சுளித்தாலும் அவ்வளவுதான். அன்று, சில மாதமாகக் கூலிக்குத் தேய்த்துவந்த இஸ்திரிக்காரனின் முறை. அவன் தேய்த்த காலரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எல்லோரும் தலையாட்டப்போகிற நேரத்தில் அவனே எழுந்து நின்றான்.

"உங்களுக்குத்தான் தெரியுமேக்கா. இருந்தாலும் நானே சொல்லிடறேன்."

வந்தேறிகளை விரட்டு என்று கத்தித் திரிந்த கும்பலில் அவனும் இருந்தானாம். வெளிநாட்டிலிருந்து வந்த துவைப்புக்காரியை வேலைக்கு வைத்ததற்காக இந்தக் கடைக் கண்ணாடியை உடைத்தவர்களில் அவனும் ஒருவனாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று பெரியக்கா திகைத்தாள். தினமும் காலையில் தன் பக்கம் பார்த்து 'பாசிஸ்ட்' என்று திட்டுகிறாளே என்றான். மெஷின் அவன் மேசைக்குப் பின்னால்தான் இருந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கண்ணாடிச் சில்லைப் பொறுக்கியவள் அவள்தான். அதன்பின் பல நாள் யாரென்று கேட்காமல் அவள் கதவைத் திறந்ததில்லை. ஒரே சொல்லில் அவனைக் கிழித்துவிட வாயைத் திறந்தாள். ஆனால் அந்தச் சொல்லைக் காலையில்தான் மெஷினுக்குக் கொடுத்திருந்தாள். நிஜமான ஆள் வந்து நிற்கும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஏன் விட்டுட்டு வந்தே?" என்றுதான் கேட்க முடிந்தது.

"நீங்க அழுதுகிட்டே பொறுக்கினதை எதிர்ச் சந்துலேருந்து பார்த்தோம். அவங்க சிரிச்சாங்க. என்னால சிரிக்க முடியலை."

பெரியக்கா துவைப்புக்காரியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த சோப்பு நுரையை வழித்துவிட்டு, "இருந்தவன்தானேக்கா. இப்ப இல்லியே," என்றாள்.

பெரியக்காவின் கோபம் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். வாரா வாரம் கடைக் கண்ணாடியை அவன்தான் துடைக்க வேண்டும், ஒரு கறை தெரியக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மெஷின் நின்றுவிட்டது. பெரியக்கா காலை ஓங்கினாள். கடையே வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. இஸ்திரிக்காரன் மட்டும் காலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் காலை இறக்கி, குனிந்து, மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள்.

"பெல்ட் தேஞ்சிருக்கு," என்றாள். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.