எஞ்சினுக்குத் தேய்த்த எண்ணெய்

ஐம்பத்தாறாம் வருடம், மாசி மாதம். மிளகாய்த் தோட்டம் வைத்திருந்த இருளாண்டி எங்கள் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை மாட்டுவண்டியில் மறுபடியும் திருப்பிக் கொண்டுவந்தார்.

"மரைக்காரே, ஒங்க குதிரை படுத்திருச்சு. மொளகாச் செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்டு நிக்குது. இன்னைக்கு ஓடலைன்னா நான் வேற எஞ்சின்தான் பாக்கணும்."

வாசலில் அவர் சொன்னது உள்ளறை வரைக்கும் கேட்டது. மரைக்கார் என்று அவர் கூப்பிட்டது என் கணவர் சுஐபை. கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த சில மாதங்களில் கப்பலேறியும் விடுவார். இவர் மட்டும் கொழும்பில் கடையில் நின்றது போதும் என்று சொல்லி, சேர்த்த காசுக்கு மதுரையில் ஒரு பழைய பெட்ரோல் எஞ்சின் வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். என் தாய்மாமா வாவு முகம்மதுவுக்கு அது பிடிக்கவில்லை. கொழும்பில் இவருக்கு மறுபடி ஓர் இடம் பேசி வைத்துவிட்டு, அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு முடிவு கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். எஞ்சின் தோற்றால் இவர் போயாக வேண்டும். இவர் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

இவர் கொல்லைக் கிணற்றடியில் எஞ்சினை இறக்கிக் கயிற்றைச் சுண்டி இழுத்தார். உடனே பிடித்தது. நன்றாகத்தான் ஓடியது. சூடேறியதும் வெறிபிடித்தாற்போல் இரைந்து, மூச்சு வாங்கி, நின்றுபோனது. நான் பின்கதவை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கனயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போவுது" என்றார் இவர். மறுபடி ஓடவிட்டு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைச் சொட்டினார். சத்தம் சட்டென்று மாறியது. எஞ்சினை நிறுத்தி அங்கிருந்த இரண்டு திருகாணிகளையும் தொட்டார். விரலுக்கே சுழன்றன.

"போன தடவதான இறுக்கி அனுப்புனேன்?"

"கையில வலு இல்லையோ என்னமோ. நான் வேணா திருகவா? காளைக்கு மூக்கணாங்கயிறு போடுற கை" என்றார் இருளாண்டி.

இவர் சிரிக்கவில்லை. ஒரு திருகாணியைக் கழற்றிக் கதவிடுக்கு வழியாக என்னிடம் நீட்டினார். "மோந்து பாரு."

வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். அந்தப் பக்குவம் எங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு. உப்புக்காற்றுக்குப் பயந்து பூட்டு, கீல், கத்தரிக்கோல் என்று எல்லாவற்றுக்கும் உம்மா எண்ணெய் தடவுவார். எஞ்சின் வீடு திரும்பும்போதெல்லாம் கோழியிறகால் அதற்கும் தடவியிருக்கிறார். திருகாணி வழுக்கி, இடையில் இருந்த காகிதப் பேக்கிங் ஊறிக் கூழாகிவிட்டது.

"இத மாமிகிட்ட நான் எப்படிச் சொல்ல?" என்றார் இவர். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது எங்களில் வழக்கமில்லை.

"நான் சொல்றேன்" என்று அடுப்படிக்குப் போனேன்.

"தேய்க்காம விடுவாகளா? மாப்பிள்ள சாமானாச்சே!" என்றார் உம்மா. விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நானேதான் மாப்பிள்ளையக் கொழும்புக்கு ஏத்திவிடுறனா?"

பிறகு எழுந்து வந்து பின்கதவுக்குப் பின்னால் நின்றார். "எங்கன தேய்க்கலாம், எங்கன கூடாதுன்னு அவுகளையே சொல்லச் சொல்லு."

இவர் எஞ்சினைப் பார்த்தபடியே, முதல்முறையாக அவரிடம் பேசினார். "மாமி, சக்கரத்துல தேய்ங்க, கைப்பிடியில தேய்ங்க. இந்தத் திருகாணி பக்கம் மட்டும் வேணாம்."

"தலைக்குத் தேய்க்கிறத இதுக்குத் தேய்ச்சா சடைதான் வளரும்" என்றார் இருளாண்டி. கதவுக்குப் பின்னால் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இவர் திருகாணிகளையும் துளைகளையும் பெட்ரோலில் கழுவித் துணியால் துடைத்தார். தடித்த காகிதத்தில் புதுப் பேக்கிங் வெட்டினார். திருகாணி தளராமலிருக்கச் சுருள் வாஷர் போட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினார். சூடேறும் வரை ஓடவிட்டு, நிறுத்தி, இன்னொரு முறை முறுக்கினார். அதன்பின் எஞ்சின் நிற்கவில்லை. தொட்டி நிரம்பி, தண்ணீர் முருங்கை மரம் வரைக்கும் ஓடியது. அது எப்போது மூச்சு வாங்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருளாண்டி, கடைசியில் துண்டை உதறி எழுந்து வண்டியைப் பூட்டப் போனார்.

எஞ்சினை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மாமா வந்துவிட்டார். "என்ன சுஐபு, கொழும்புக்கு என்னன்னு எழுத?"

இவர் வாயைத் திறக்கும் முன் உம்மா உள்ளேயிருந்து பேசினார். "தம்பி, மாப்பிள்ளைக்கு இங்கனயே வேலை கெடக்கு. ஆள் வராதுன்னு எழுது."

"எஞ்சின் மறுபடி நின்னுட்டா?"

"நின்னா இவுக பாத்துக்குவாக, மாமா" என்றேன் நான்.

மாமா என் குரல் வந்த திசையைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆயிசாவும் அவ உம்மாவும் ஒரு கட்சி. நான் என்னத்தச் சொல்ல" என்று நடந்தார்.

"ஏறுங்க மரைக்காரே, வெயில் சாயுது" என்றார் இருளாண்டி. இவர் ஏறி எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் ஜன்னலில் நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் கடல் தாண்டியதே இல்லை. போன ரமலானில் இந்த வீட்டிலிருந்துதான் அவரை அடக்கத்துக்கு எடுத்துப் போனார்கள்.