எண்பத்திரண்டில் பேரமில்லை

நாற்பத்திரண்டு பேரின் உயிருக்கு மேலாளர் போட்ட விலை ஒரே ஒரு கையெழுத்து. அதையும் சும்மா கேட்டார்.

கேட்டது இரும்பின் ஆயுளைக் கணக்குப் பார்க்கும் பொறியாளரிடம். அந்த நாற்பத்திரண்டு பேரும் வேலை பார்ப்பது நடுக்கடலில் நங்கூரமிட்டு மிதக்கும் எண்ணெய்க் கப்பல் ஒன்றில். காற்றடிக்கும் பக்கம் அது முகத்தைத் திருப்பிக்கொள்வதற்காக, நங்கூரத் தூணைச் சுற்றி ஒரு கூடத்தையே அடைக்கும் அகலத்தில் பேரிங் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக உழைத்த அந்த இரும்பு வளையம் இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்று அவள் எழுதித் தர வேண்டுமாம். அவளுடைய கொழுந்தன் அந்தக் கப்பலில்தான் ஃபிட்டர். சிபாரிசு செய்து அனுப்பியதும் அவளேதான். மாமியார் அதை இன்றுவரை மறக்கவில்லை.

காலையில்தான் அவன் போனில் சொன்னான்: "அண்ணி, பேரிங்ல பழைய கிரீஸை வழிச்சா ஜிகினா மாதிரி மினுங்குது."

அதை மேலாளரிடம் சொன்னாள்.

"மினுங்கினா நல்லதுதானேம்மா!"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இது மூன்றாவது கூட்டம். அதே கேள்வி, அதே ஆறிப்போன காபி.

"நீங்களே எழுதியிருக்கீங்க," என்றார் மேலாளர். "அலை அழுத்தினதுல போன ஆயுசு நூத்துக்கு முப்பத்தொண்ணு. முறுக்கினதுல இருபத்திரண்டு. கூட்டினா அம்பத்துமூணு. எண்பத்திரண்டுன்னு போட்டிருக்கீங்களே, எந்த ஊர்க் கூட்டல் இது?"

"தனித்தனியா வந்தா அம்பத்துமூணு சார். இங்க ரெண்டும் முன்னபின்ன மாறி மாறி வருது. உங்க வீட்ல ரெண்டு மருமக இருக்காங்கல்ல?"

"தங்கமான பொண்ணுங்க."

"தனித்தனியா. ஒரே சமையலறைல விட்டா?"

மேலாளர் காபியைக் கீழே வைத்தார். "பெரியவ நிறுத்தற நேரம் பார்த்துச் சின்னவ ஆரம்பிப்பா."

"நடுவுல நிக்கற உங்களுக்கு?"

"மூச்சு விட நேரமிருக்காது."

"இரும்புக்கும் அதே கதிதான். அழுத்தம் விடறப்போ முறுக்கு பிடிக்குது. இழுக்கற திசை மாறிக்கிட்டே இருக்கு. அதான் சீக்கிரமே விரிசல் விடுது."

மேலாளருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கையோடு பேரம் தொடங்கினார். கொள்முதல் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். எந்த எண்ணைக் கண்டாலும் குறைக்கச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அறுபதுன்னு முடிச்சுக்கலாம்."

"சார், இது கத்தரிக்காய் இல்ல!"

"கடைசியா சொல்றேன், அறுபத்தஞ்சு."

அவளும் கடைக்காரர் வீட்டுப் பெண்தான். எதில் பிடிகொடுக்கலாம், எதில் கூடாது என்பது தெரியும்.

"எண்ணுல கை வைக்க விடமாட்டேன். வருஷத்தை வேணா பேசுங்க. வருஷத்துக்கு ஏழு போகுது. அஞ்சு வருஷம்னா நூத்துப் பதினேழு. நூறுலயே வளையம் விட்டுடும். அப்புறம் கப்பலை நீங்க போய்ப் பிடிச்சுக்கறீங்களா?"

"ரெண்டு வருஷம்? தொண்ணூத்தாறுதானே ஆகுது!"

"கிரீஸ்ல மினுங்கறது இரும்புப் பொடி சார், வளையம் இப்பவே உதிர ஆரம்பிச்சாச்சு. ஒரே வருஷம். அதுவும் மாசாமாசம் கிரீஸைச் சோதிக்கணும். அதுக்குள்ள புது பேரிங் வாங்கிடுங்க. இந்தப் பேரத்தையெல்லாம் விக்கறவன்கிட்டப் போய்ப் பேசுங்க."

மேலாளர் முனகிக்கொண்டே காகிதத்தை நீட்டினார். 'ஐந்து' என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடித்தாள். மேலே 'ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அப்படியும் மனசு கேட்காமல், அவர் கண்ணில் படும்படி அடியில் எழுதிவைத்தாள்:

இதுவரை போனது 82. வரும் வருடத்துக்கு 7. மீதி 11, அது யாருக்கும் கொடுப்பதற்கில்லை.